இரண்டாவது பானை

அம்மா முப்பத்தொரு வருடம், எகிப்தில் மன்சூரா நகரத் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். காதில் கருவி, கையில் செருகு கம்பி, எதிரே துளைகள் நிறைந்த பலகை. அழைப்பவர் வாயைத் திறக்கும் முன்பே மூச்சை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். "பஞ்சு வியாபாரி. அலெக்ஸாண்ட்ரியா கேட்பார்" என்பாள். அவரும் அலெக்ஸாண்ட்ரியாதான் கேட்பார். இதை அவளுடைய தோழிகள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், நம்பியதில்லை. அளவுக் கருவிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் தொழில். காதால் கேட்டதற்கெல்லாம் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்பா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது, தங்கை நக்வாவுக்கு ஒன்பது. அந்தப் பலகையின் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம்.

அம்மாவின் பெயர் இனாயாத். அவள் போய் நாற்பத்தாறு நாள் ஆகிறது. தன் கட்டிலில், தூக்கத்திலேயே போனாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் வருகிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய செப்டம்பர்.

நான், என் மனைவி கீஹான், ஏழு வயது மகள் ஜூடி மூவரும் கெய்ரோவிலிருந்து வந்து தெருவில் காரை நிறுத்தியபோது மணி பத்து. நான்காம் மாடி பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கிக்கொண்டிருந்தது. மேலே அம்மா, தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள்.

"அதிய்யா, எலுமிச்சை போடு. போன வாரம் மாதிரி என் வயசுக்காரியா பார்த்துப் போடாதே."

மளிகைக்கடை அதிய்யா கூடையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். "உங்க வயசுல எலுமிச்சை கிடைச்சா நானே வச்சுக்குவேன், உம்மு ரவூஃப்."

"உன் பொண்டாட்டி காதுல விழுது."

"விழட்டும்னுதான் சொல்றேன்."

ரவூஃப் நான். தெருவில் யாரும் அம்மாவைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. என் பெயரை வைத்து, ரவூஃபின் அம்மா என்றுதான் அழைப்பார்கள்.

ஜூடி கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாட்டியைக் கூப்பிட்டாள். "தேத்தா, என்னையும் மேல தூக்கு."

"தூக்கிடுவேன். உங்கப்பனும் பிடிச்சுத் தொங்குவான், அதான் யோசிக்கறேன்."

தெரு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூன் மாதத்துக்குப் பிறகு அம்மா கீழே இறங்கவில்லை. எழுபத்திரண்டு படிகள். கடைசியாக ஏறியபோது ஒவ்வொரு மாடியிலும் சுவரில் கை வைத்து நின்றிருக்கிறாள். இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டது என்றார் மருத்துவர். மாற்றினால் நடப்பாள், மாற்றாவிட்டால் ஒரு வருடம், அதிகம் போனால் ஒன்றரை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படுக்கை காலியாகிறது, வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். அம்மா அதுவரை மூன்று முறை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மூன்று முறையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் அன்று வந்தது நான்காவது முறை கேட்க.

*

வீட்டுக்குள் ஏற்கனவே போர்க்களம். நக்வா ஆற்றின் அக்கரையில் தல்காவில் இருக்கிறாள், எங்களுக்கு முன்பே வந்துவிடுவாள். அவளுடைய இரண்டு பையன்களும் கூடத்தில் சோபாத் தலையணையை வைத்துப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவன் சப்ரி கோல்கீப்பர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன், வீட்டில் குழந்தைகளை விடச் சின்னவன்.

"வாங்க மச்சான். கெய்ரோல காத்து கிடைக்காம இங்க வந்துட்டீங்களா?"

"உன் மூஞ்சியைப் பார்க்காம தூக்கம் வரல."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

சமையலறையில் முயல் வெந்துகொண்டிருந்தது. ஏலக்காயும் வெங்காயமும் போட்ட சாறு. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் முலூக்கியாக் கீரை. முந்தின நாள் சாயங்காலமே இலை ஆய்ந்து, கழுவி, உலர்த்தி வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள பிறைக்கத்தியால் அம்மா அதை ஆட்டி ஆட்டி நறுக்கினாள். நாலு ஆட்டு, ஒரு நிறுத்தம். முன்பு நிறுத்தமே கிடையாது.

நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"கேளு," என்றாள் திரும்பாமலே. "கேட்டுட்டு, கீரை தின்னுட்டு, ஊர் போய்ச் சேரு."

"வால்வ்தானேம்மா. எங்க ப்ளான்ட்ல வாரத்துக்கு ரெண்டு வால்வ் மாத்தறோம்."

"மாத்தும்போது மிஷினை நிறுத்துவீங்களா?"

"நிறுத்தித்தான் மாத்தணும்."

"நிறுத்தினதெல்லாம் திரும்ப ஓடியிருக்கா?"

நான் பதில் சொல்லத் தாமதித்தேன்.

"பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெத்து வச்சிருக்கேன்," என்றாள் நக்வாவிடம். "நீ மல்லியை இடி."

நக்வா பித்தளை உரலில் பூண்டும் மல்லியும் இடிக்க ஆரம்பித்தாள். கீஹான் அரிசியோடு சேர்த்துச் சமைக்கச் சேமியாவை வறுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். முப்பது வருடமாக வேடிக்கையாகச் சொன்னதுதான். அன்று கோபத்தில் சொன்னேன்.

"சரி, ஆபரேஷன் வேண்டாம். அந்த மூச்சையாவது விட்டுடு. போன வாரம் மூச்சை இழுத்துட்டு அடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே. அது இல்லாட்டி ருசி ஒண்ணும் குறைஞ்சிடாது."

உரல் நின்றது.

கடைசியில் பூண்டையும் மல்லியையும் எருமை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, கொதிக்கக் கொதிக்கக் கீரைப் பானையில் கொட்டுவார்கள். கொட்டும் அந்த நொடியில், எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள் மாதிரி, சமைக்கிறவள் 'ஹாஆ' என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். உடனே பானையை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீரை கீழே இறங்கி, தண்ணீர் மேலே நிற்கும் என்பார்கள். ருசி வராது என்பார்கள். கண்ணேறு படும் என்றும் சிலர் சொல்வார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு பெண் அடுப்பருகே நின்றால் அவளுக்கு வந்துவிடும்.

"அண்ணே, நீ போய் டிவி பாரு," என்றாள் நக்வா.

"இரு," என்றாள் அம்மா. கத்தியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்ன?"

"மூச்சுன்னா காத்து. காத்துக்கு என்ன ருசி?"

"அளந்து பார்த்தியா?"

"இதுல அளக்க என்ன இருக்கு?"

"அளக்காம கையெழுத்துப் போடமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே. இதுக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்ட. என்ன சம்பளம் தர்றாங்க உனக்கு?"

கீஹான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத்தை சொல்றதுல நியாயம் இருக்குங்க."

"ரெண்டு பானை வைப்போம்," என்றாள் அம்மா. "ஒண்ணு மூச்சோட. ஒண்ணு மூச்சில்லாம. அஞ்சு பேர் ருசி பார்க்கட்டும். எதுல மூச்சு இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா, ஆபரேஷன் பேச்சை நான் செத்த பிறகும் நீ எடுக்கக் கூடாது."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"கண்டுபிடிப்பாங்க."

"கண்டுபிடிக்கலைன்னா, அம்மா."

அவள் கத்தியை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினாள். "ஞாயித்துக்கிழமை போறேன்."

நக்வா என்னைப் பார்த்தாள். இது அவளும் எதிர்பார்க்காதது.

"அஞ்சு பேரும் சரியா சொல்லணும்," என்றேன்.

"மூணு பேர் போதும்."

"மூணு பேர் குருட்டாம்போக்குல சொல்லிடுவாங்க."

"சரி, நாலு. இதுக்கு மேல பேரம் பேசினா உனக்கு முயல் கிடையாது."

ஐந்து பேர் யார் என்பதும் முடிவானது. அம்மா, நக்வா, கீஹான், சப்ரி. ஐந்தாவதாக அதே மாடியில் எதிர்வீட்டு ஹாஜ்ஜா தௌஹீதா, ஹஜ் போய் வந்தவள். எழுபத்தெட்டு வயது. எங்கள் வீட்டு விஷயம் எதிலும் அவளுக்குப் பங்கு உண்டு.

ஜும்ஆவுக்குப் போனோம். தொழுகை வரிசையில் நின்றுகொண்டு கணக்குப் போட்டேன், இறைவன் மன்னிக்கட்டும். ஐந்து பேர் ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னால், அதில் நாலு பேராவது சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்தொன்பது. ஒரு கொதிகலனின் அழுத்தமானிக்கு இந்தக் கணக்கோடு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன். இங்கே வேறு கருவி இல்லை.

*

திரும்பி வரும்போது காரிலிருந்து சின்னத் தராசையும் வெப்பமானியையும் எடுத்து வந்தேன். அவை எப்போதும் காரில் கிடக்கும்.

அம்மா வெப்பமானியைப் பார்த்தாள். "கீரைக்குக் காய்ச்சலா?"

"ரெண்டு நெய்யும் ஒரே சூட்டுல இருக்கணும்."

"வாயில வைப்பியா, அக்குள்ல வைப்பியா?"

சப்ரி கதவருகே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் வேலையைப் பார்த்தேன். ஒரே அளவில் இரண்டு அலுமினியப் பானை. சாறு சரிபாதி. கீரையை நிறுத்து இரண்டாகப் பிரித்தேன். பூண்டும் மல்லியும் நெய்யும் அதே மாதிரி. அதற்கு மேல் ஒரு சிட்டிகை உப்புக்கூட அம்மாவைப் போடவிடவில்லை.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இவன் இவ்வளவு கவனமா இருந்து நான் பார்க்கல," என்றாள் அம்மா.

"அன்னைக்கு மோதிரத்தையே மறந்துட்டு வந்தார் அத்தை," என்றாள் கீஹான்.

முதல் பானை அம்மாவுடையது. கீரை போட்ட சாறு மெல்லத் ததும்பியது. சின்ன வாணலியில் பூண்டு பொரிந்து நிறம் மாறியது. அவள் இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் வாணலியைச் சாய்த்தாள். நெய் சீறியது. அவள் மூச்சை இழுத்தாள்.

மெலிந்த மூச்சு. நடுவில் ஓர் இடத்தில் அறுந்து, பிறகு தொடர்ந்தது.

மூடியைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு சீரானதும் கேட்டாள். "அடுத்ததை யார் கொட்டறது?"

"நான் மாட்டேன்," என்றாள் நக்வா. "எனக்கு வந்திடும். தும்மல் மாதிரி. அடக்க முடியாது."

"எனக்கும்," என்றாள் கீஹான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் நம்பிக்கையில்லாத ஒரே ஆள் நான்தான்.

"பக்கத்துல நின்னாலும் வந்திடும்," என்றாள் நக்வா. "நாங்க வெளிய போறோம்."

கதவைச் சாத்தினேன். கூடத்தில் பையன்கள் கால்பந்துப் போட்டியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். சமையலறை ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. எங்கள் ஜன்னலும் ஹாஜ்ஜா தௌஹீதாவின் ஜன்னலும் கட்டடத்து நடுவிலுள்ள ஒரே காற்றுக்குழிக்குள்தான் திறக்கும். அது அப்போது என் நினைவில் இல்லை.

பூண்டு பொன்னிறத்துக்கு வந்தது. வெப்பமானி நூற்று அறுபத்தெட்டு காட்டியது; அம்மாவுடையதும் அதேதான். வாணலியைப் பானைக்கு மேல் கொண்டுபோய்ச் சாய்த்தேன். நெய் சீறியது.

"ஹாஆஆ."

யார் என்று திரும்பிப் பார்த்தேன். சமையலறையில் என்னைத் தவிர யாருமில்லை. என் கை அதற்குள் மூடியைப் போட்டிருந்தது.

கொஞ்ச நேரம் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோதனை கெட்டுவிட்டது. இரண்டு பானையிலும் மூச்சு. ஒப்பிட எதுவும் இல்லை. வேலையில் இப்படி நடந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். ஆனால் கீரை தீர்ந்துவிட்டது. இன்னொன்றும் தோன்றியது: இரண்டும் ஒன்றாகவே இருந்தால் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கதவைத் திறந்தேன். அம்மா கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சத்தமில்லாம?"

"நெய் சத்தம்தான்."

என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். "நல்லது," என்று எழுந்துகொண்டாள்.

*

ஹாஜ்ஜா தௌஹீதா ஊறுகாய் ஜாடியோடு வந்து சேர்ந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கிண்ணம். ஜூடியின் நகப்பூச்சால் ஒரு கிண்ணத்தின் அடியில் மட்டும் ரோஜா நிறப் புள்ளி வைத்திருந்தேன். புள்ளி உள்ளது அம்மாவின் பானை. எது எந்தப் பக்கம் என்பது எனக்கே தெரியக் கூடாதென்று ஜூடியை விட்டு மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன்.

"எதுல மூச்சு இருக்கோ அந்தக் கிண்ணத்தைக் கையால மூடுங்க. பேசக் கூடாது. அடுத்தவங்களைப் பார்க்கக் கூடாது."

"சார், கேள்வித்தாள் கொடுப்பீங்களா?" என்றான் சப்ரி.

"பார்த்து எழுதினா வெளிய அனுப்பிடுவேன்."

ரொட்டியைப் பிய்த்துப் பூனைக்காது மாதிரி மடித்து, அதில் கீரையை அள்ளி வாயில் போட்டார்கள். ஒன்று, பிறகு மற்றது. சப்ரி கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைபோட்டான். நக்வா முகர்ந்து பார்த்தாள். ஹாஜ்ஜா இரண்டு கிண்ணத்தையும் முக்கால்வாசி காலி செய்துவிட்டு, இன்னும் முடிவுக்கு வரவில்லை என்றாள்.

அம்மா மட்டும் நிதானமாக இருந்தாள். முதல் கிண்ணம், ஒரு வாய். இரண்டாவது, ஒரு வாய். தண்ணீர் குடித்தாள். மறுபடி இரண்டாவது. பிறகு அதன் மேல் கையை வைத்தாள். கையை எடுக்கவில்லை.

ஐந்து கைகளும் மூடியதும் ஒவ்வொரு கிண்ணமாக உயர்த்தி அடியில் பார்த்தேன். நக்வா, புள்ளி. சப்ரி, புள்ளி இல்லை. கீஹான், இல்லை. ஹாஜ்ஜா, புள்ளி. அம்மாவின் கிண்ணத்தைக் கடைசியாகத் தூக்கினேன்.

இல்லை.

அம்மா மூடிக்கொண்டிருந்தது என் பானையை.

"ரெண்டு பேர் சரி. மூணு பேர் தப்பு," என்றேன்.

"அம்மாவே தப்பா சொல்லிட்டாங்களே," என்றான் சப்ரி. "அப்போ இத்தனை வருஷமா சும்மாத்தான் இழுத்திட்டிருந்தீங்களா?"

அப்போதுதான் ஹாஜ்ஜா தௌஹீதா வாயில் ரொட்டியோடு கேட்டாள். "என்ன பந்தயம் இது? எதுல மூச்சுன்னா என்ன அர்த்தம்? ரெண்டு மூச்சும்தான் எனக்கு ஜன்னல்ல கேட்டுச்சே."

நக்வா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது நல்லா கனமா இருந்துச்சு," என்று ஹாஜ்ஜா தொடர்ந்தாள். "உம்மு ரவூஃபுக்கு உடம்பு தேறிடுச்சு போலன்னு நெனச்சேன்."

நக்வா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் காது சுட்டது. வாயைத் திறந்தேன்.

"ரெண்டும் நான்தான், ஹாஜ்ஜா," என்றாள் அம்மா. "முதல் தடவை பாதியில நின்னுடுச்சு. மனசு கேட்கல. அதே பானைக்கு இன்னொரு தடவை போட்டேன்."

"அப்படிச் சொல்லு. அதான் கேட்டேன்."

"பந்தயம்னா பந்தயம்தான். இன்ஜினியர் துரை ஜெயிச்சிட்டார். ரவூஃப், சாப்பிட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணு. ஞாயித்துக்கிழமை வர்றாங்கன்னு சொல்லு. இப்போ முயலைப் பிரிங்க, ஆறிப்போகுது."

கீஹான் எழுந்துபோய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நக்வா அழுதுகொண்டே சிரித்தாள். பையன்கள் காரணம் தெரியாமலே கை தட்டினார்கள். முயலின் முன்கால் யாருக்கு என்று அவர்களுக்குள் சண்டை மூண்டது. அம்மா இரண்டையும் எடுத்து ஜூடியின் தட்டில் வைத்து, "சண்டை போடறவங்களுக்குக் கிடையாது" என்றாள். இரண்டு பானையும் காலியானது. கடைசியில் சப்ரி ரொட்டியால் பானையைத் துடைத்ததில், கழுவ வேண்டிய அவசியம்கூட இருந்திருக்காது.

சாயங்காலம் ஜூடி பால்கனியிலிருந்து கூடையை இறக்கினாள். அதிய்யா ஐஸ்கிரீம் வைத்து அனுப்பினார்.

"ரெண்டு வாரம் நான் இருக்கமாட்டேன்," என்று அம்மா மேலிருந்து சொன்னாள். "வால்வ் மாத்தப் போறேன்."

"மாத்திட்டு வந்து நேர்ல வந்து எலுமிச்சை வாங்குங்க," என்றார் அதிய்யா. "கழுத்து வலிக்குது எனக்கு."

*

மற்றவர்கள் கூடத்தில் தேநீரோடு இருந்தார்கள். நான் பானைகளைக் கழுவினேன். அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மூடிகளைத் துடைத்தாள்.

"ரெண்டாவதை நல்லா தேய். உன்னோடது."

நான் குழாயை நிறுத்தினேன்.

"முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க மூச்சைக் கேட்டு உங்களுக்குச் சோறு போட்டிருக்கேன். என் பிள்ளை மூச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஹாஜ்ஜாகிட்ட அப்படிச் சொன்ன?"

"நீ நின்ன நிலையைப் பார்த்தேன். எட்டாவது படிக்கறப்ப பள்ளிக்கூட ஜன்னலை உடைச்சுட்டு வந்து நின்னியே, அதே மூஞ்சி."

"பந்தயம் செல்லாதும்மா. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லு. முலூக்கியாவுக்கு ஆம்பளை மூச்சுப் போட்டான்னு சப்ரி ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் சொல்லிட்டு வரட்டும்."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் காத்திருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன் ஒத்துக்கிட்ட?"

ஒரு மூடியைத் துடைத்து முடித்து, அதையே மறுபடி துடைத்தாள்.

"பயம்டா. இப்பவும் பயம்தான். நிறுத்தினா திரும்ப ஓடுமோ என்னவோ. ஓடாட்டி வெள்ளிக்கிழமை நீங்க எல்லாம் எங்க போவீங்கன்னு நெனப்பேன். நக்வா அவ மாமியார் வீட்டுக்குப் போவா. நீ அந்த ஊர்லயே கிடப்ப. ஒரு வாரம் விட்டா அப்புறம் விட்டதுதான். இன்னைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேனா, உன் சத்தம் கேட்டுச்சு. சரி, இவன் எங்கயும் போகமாட்டான்னு தோணிச்சு."

நான் பானையைத் தேய்த்தேன். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"இன்னொண்ணு," என்றாள். "ருசியில நான் பொய் சொல்லல. உன்னோடதுதான் நல்லா இருந்துச்சு."

*

ஞாயிற்றுக்கிழமை நானும் சப்ரியும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து எழுபத்திரண்டு படியும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தவர்களிடம், "பல்லக்குல போறேன், பார்த்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை வால்வை மாற்றினார்கள். நிறுத்தினார்கள், திரும்ப ஓடியது. ஒரு மாதத்தில் அந்தப் படிகளில் தானாகவே இறங்கி, அதிய்யாவின் கடையில் நின்று எலுமிச்சையை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து அவரைப் படுத்தியெடுத்தாள். அதற்குப் பிறகு மூன்று வருட வெள்ளிக்கிழமைகள் கிடைத்தன எங்களுக்கு.

அவை எல்லாவற்றிலும் முதலாவது, அவள் இல்லாமல் அவள் வீட்டில் கூடியது. அறுவை முடிந்து நான்காம் நாள். ஆஸ்பத்திரியில் கீஹான் துணைக்கு இருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் அம்மாவின் சமையலறையில். பூண்டு கொட்டும்போது கூப்பிட வேண்டும், வாணலிக்குப் பக்கத்தில் ஃபோனை வைக்க வேண்டும் என்று கட்டளை வந்திருந்தது.

ஜூடி ஃபோனைப் பிடித்துக்கொண்டாள். நக்வா சின்ன வாணலியில் வறுத்த பூண்டில் கால்வாசியைப் பானையில் கொட்டி, மூச்சிழுத்தாள்.

"இது நக்வா," என்றாள் அம்மா. தொண்டையில் குழாய் வைத்து எடுத்த கரகரப்பு. "ரவூஃபைக் கூப்பிடு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நக்வா ஒன்றும் கேட்காமல் மீதிப் பூண்டிருந்த வாணலியை என் கையில் கொடுத்தாள். சப்ரியின் வாய் மெல்ல விரிந்தது.

"மச்சான், அப்போ அன்னைக்கு..."

"பேசாதே."

சாய்த்தேன். நெய் சீறியது. மூச்சை இழுத்தேன். மறைக்க இனி எதுவும் இல்லை, நன்றாகவே இழுத்தேன். பையன்கள் தரையில் விழுந்து சிரித்தார்கள். சப்ரி சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான்.

ஃபோனில் சத்தம் இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று ஜூடியிடமிருந்து வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. நீளமாக, நடுவில் அறுபடாமல். கீஹானோ, தாதியோ, வேறு யாருமோ இல்லை. பேச்சு வருவதற்கு முன்பே எனக்கு ஆள் தெரிந்தது.

"என்ன பார்த்துட்டு நிக்கற," என்றாள் அம்மா. "மூடியைப் போடு."